உபவிதி பதினேழு

தலவாக்கலை நகரசபையில் நான் வருமானப் பரிசோதகன்.
மழைக்கோட்டு சபையுடையது, குடை என்னுடையது.
புதன்கிழமைகளில் கடைவீதிக்கு இறங்குவேன்.

அடகுக் கடைகளில் எனக்குச் சிரமமில்லை.
கண்ணாடிக் கதவு, சட்டமிட்ட உரிமப் பத்திரம்,
மூன்று மொழியில் வட்டி வீதம்.
தராசு நேராகவே நிற்கும்.
தங்கம் இல்லாதவர்கள் அந்தப் படி ஏறுவதில்லை,
அவர்களிடமிருந்து முறைப்பாடும் இல்லை.

சஹாப்தீன் கடை வேறு.
பழைய சாமான் வாங்கி விற்க மட்டும் அனுமதி.
பொருளைப் பிடித்துக் காசு கொடுக்கக் கூடாது.
வாங்கியதைப் பதினாலு நாள் விற்கக் கூடாது.
விற்றவர் பெயர், அடையாள அட்டை இலக்கம்,
பொருள், பொருளின் அடையாளம் என்று
ஏழு பத்தி போட்ட நீலக்கோட்டுப் புத்தகம்,
ஈரத்தில் விளிம்பு உப்பியிருக்கும்.
காஸ் அடுப்பு. வானொலி. கதவில்லாத அலுமாரி.
மூன்று சில்லுக் குழந்தை வண்டி.
"நாலாவது சில்லு?" என்றேன்.
"அதுதான் அடையாளம்" என்றார்.

ஒரு புதன், மழை விடவில்லை.
தெருவில் இறங்க முடியாமல்
பழைய பக்கங்களையும் புரட்டினேன்.

பதினெட்டாம் திகதி, தையல் மெஷின் ஒன்று,
விற்றவர் மு. யோகமலர், கீழ்ப்பிரிவு, ஒன்பதாம் லயம்.
ஆறாயிரம்.
அடுத்த பதினோராம் திகதி, அதே மெஷின்,
வாங்கியவர் மு. யோகமலர்.
ஆறாயிரத்து அறுநூறு.
மறுபடி பதினெட்டு. மறுபடி பதினொன்று.
தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி.
அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை,
அம்மாவின் செக்ரோல் இலக்கம் இன்னும் மனப்பாடம்.

தன் மெஷினைப் பதினோரு தடவை விற்றிருக்கிறாள்,
பதினோரு தடவை வாங்கியிருக்கிறாள்.
பதினாலு நாள் விதி ஒரு தடவையும் மீறப்படவில்லை.

அடையாளப் பத்தியைச் சஹாப்தீன் ஒழுங்காக நிரப்பியிருந்தார்:
"கழுத்தில் குங்குமப் பொட்டு."
"பொட்டு மங்கல்."
"பொட்டு இல்லை போல."
ஒக்டோபரில், பூசைக்குப் பிறகு,
"பொட்டு புதிது, சந்தனமும் உண்டு."
ஜனவரியில் மெஷின் வரவேயில்லை.
பள்ளிக்கூடம் திறக்கிற மாதம்,
வெள்ளைச் சீருடை தைத்துக்கொண்டிருந்திருக்கும்.

இது விற்பனை இல்லை என்றேன்.
"புத்தகத்தில் விற்பனைதானே."
இது அடகு என்றேன்.
"அப்படியென்றால் இப்போ பொருள் யாருடையது, ஐயா?"
உபவிதியைப் புரட்டினேன்.
அதற்குள் அவர் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டார்.
நான் குடிக்கவில்லை. அதற்கும் ஒரு விதி இருக்கிறது.

அறிவித்தல், மூன்று பிரதி.
வெள்ளிக்கிழமை யோகமலர் கந்தோருக்கே வந்தாள்,
கொழுந்துக்கறை படிந்த விரலில் ஒரு பிரதியோடு.
"களவெடுத்த மெஷினுன்னு சொல்றாங்களா?"
இல்லை.
"வட்டி கூடன்னு நான் எழுதிக் குடுத்தேனா?"
இல்லை.
"பெறகு யாருக்காக இந்தக் கடுதாசி?"
உங்களைப் பாதுகாக்கத்தான் என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்,
என்னையல்ல, என் சட்டையின் தோளை.
"தையல் பிரிஞ்சிருக்கு" என்றாள். போய்விட்டாள்.

இப்போது மூன்று மாதம்.
பதினெட்டு, பதினொன்று, எல்லாப் பக்கமும் பார்த்தேன்.
யோகமலர் எங்கேயும் இல்லை.
கடையின் பின்பக்கம், ரப்பர் சீட்டுக்குக் கீழே
ஏதோ ஒரு சக்கரம் மினுங்கியது,
கழுத்து தெரியவில்லை.
சஹாப்தீன் மழையைப் பற்றிப் பேசினார்.
நானும் மழையைப் பற்றித்தான் பேசினேன்.

"குறைபாடு எதுவும் இல்லை" என்று ஒப்பமிட்டேன்.

அறுநூறு.
எனக்குத் தெரிந்த கடைசித் தொகை அது.
இப்போது எவ்வளவு எடுக்கிறார் என்று பார்க்க
என்னிடம் பத்தி இல்லை.